மருத்துவர் அறியாத அயர்ச்சி
கணித மேதை இராமானுஜனின் இறுதி மூன்று ஆண்டுகள்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் 'வெங்கட விலாசம்' என்னும் பெயருடைய இல்லம் ஒன்று இருந்தது. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவ்வில்லத்திற்கு முப்பத்தொரு வயதுடைய ஒருவர் வந்து தங்கினார். எட்வர்டு எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், சில நாட்கள் தங்கியிருந்துவிட்டு அவர் அங்கு வந்திருந்தார். அந்நாளில் தியாகராய நகர் என்றோர் ஊரில்லை. இன்று கடைகள் நெருங்கிக் கிடக்கும் அவ்விடம் நீண்டதோர் ஏரியாக இருந்தது. மயிலாப்பூர் மேற்கே தோப்புகளும் தோட்ட வீடுகளும் நிறைந்த அமைதியான பகுதி. நோயுற்றவர் தங்கத் தக்க இடம் என்று கருதியே நண்பர்கள் அவரை அங்கு வைத்தனர்.

வந்தவர் சீனிவாச இராமானுஜன். ராயல் சொசைட்டியின் உறுப்பினர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியர். அவரை வரவேற்கச் சென்றவர்கள் கண்டதோ மெலிந்து வெளிறிய ஒரு மனிதரை. அவருக்கு என்ன நோய் என்று அன்று உறுதியாகச் சொல்லத்தக்கவர் எவருமிலர். நூறாண்டு கடந்த பின்பும் அக்கேள்வி முற்றுப்பெறவில்லை.

நம் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் இதனை ஒரு தொடரில் முடித்துவிடுகின்றன. இராமானுஜன் குளிர்நாட்டில் காசநோய்க்கு ஆளாகி இளமையிலேயே மறைந்தார் என்பது அத்தொடர். இன்னும் சிலர் ஒரு படி மேலே சென்று, கணக்கே அவர் உயிரைக் குடித்தது என்று உருக்கமாகக் கூறுவர். இவ்விரு கூற்றுகளும் ஆராயத்தக்கன. நோயின் பெயரை வசதிக்காக முடிவு செய்துவிட்டால், அந்த மனிதர் காரணம் தெரியாத அயர்ச்சியோடு எவ்வாறு நாட்களைக் கடத்தினார் என்பது நம் பார்வையிலிருந்து மறைந்துபோகிறது. அவ்வரலாற்றை மாணவர்கள் அறிதல் நன்று என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இளமையில் கண்ட அறிகுறிகள்

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். கணக்கைத் தவிரப் பிற பாடங்களைப் புறக்கணித்துக் கல்லூரி உதவித்தொகையை இழந்ததும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்ததும் யாவரும் அறிந்தனவே. ஆனால் அங்குப் பயின்ற காலத்தில், 1906இல், அவருக்குக் கடுமையான சீதபேதி கண்டது என்பதைப் பலர் நினைவிற்கொள்வதில்லை. படிப்பை இடையில் நிறுத்தி ஊர் திரும்ப நேர்ந்தது. உடல் தேறச் சில திங்கள் பிடித்தன. அக்காலத் தமிழகத்தில் சீதபேதி வீட்டுக்கு வீடு வந்துபோகும் நோய், குணமானதும் மறந்துவிடுவர். இந்நோய் பின்னர் இவ்வரலாற்றில் மீண்டும் வரவிருக்கிறது.

1910 தொடக்கத்தில் அவருக்கு விரைவீக்கத்திற்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. குடும்பத்தில் பணம் இல்லை. மருத்துவர் ஒருவர் பணம் பெறாமலே அதனைச் செய்து முடித்தார். இக்காலத்தை ஒட்டியே மற்றொரு நிகழ்ச்சியும் கூறப்படுகிறது. சென்னையில் உடல்நலம் குன்றியிருந்த அவரைப் பழைய கல்லூரித் தோழர் ஒருவர் கும்பகோணத்திற்குத் தொடர்வண்டியில் ஏற்றிவிட்டார். அப்போது இராமானுஜன் தம் கணக்கு நோட்டுகளை அவரிடம் கொடுத்து, தாம் இறந்துபட்டால் அவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் இராஸ் அவர்களிடமோ சேர்ப்பிக்குமாறு வேண்டிக்கொண்டாராம். இருபத்திரண்டு வயது இளைஞர் தம் உயிரைவிட நோட்டுகளைப் பற்றிக் கவலையுற்ற செய்தி இது.

அதன்பின் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1912 மார்ச்சில் திங்கள் முப்பது உரூபாய் ஊதியத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் பணி. 1913 சனவரியில் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற மடல். அவ்வாண்டே பல்கலைக்கழக உதவித்தொகை. 1914 மார்ச் 17இல் 'நெவாசா' என்னும் கப்பலில் பயணம். அந்தக் கப்பலில் சௌரி முத்து என்னும் தமிழ் மருத்துவரும் உடன் சென்றார் என்பர். இவரும் மீண்டும் வருவார்.

கேம்பிரிட்ஜில்

அவர் சென்ற சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. டிரினிட்டி கல்லூரியின் நெவில் முற்றமே காயம்பட்ட படைவீரர்க்கு மருத்துவமனையாக மாறியது. இளம் அறிஞர் பலர் போர்ப்பணிக்குச் சென்றுவிட்டனர். பாலும் காய்கறியும் அரியவாயின. மரக்கறி உணவை விடாத இராமானுஜன் கல்லூரிப் பொது உணவறையை நாடாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கினால் முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைத்துப் பின் இருபது மணி நேரம் உறங்குவதும் உண்டென்பர். குளிர் தாங்காமல் மேலங்கியோடு படுத்து நடுங்கியவருக்கு, கம்பளிகளின் இடையே நுழைந்து உறங்க வேண்டும் என்பதைக் கற்பித்தவர், பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்பட்ட மகலனோபிஸ் ஆவார்.

இவையெல்லாம் உடலை வருத்தக்கூடியனவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றோடு அவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நன்றாகவே இயங்கினார். 1915இல் நெடிய ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1916 மார்ச்சில் அதன்பொருட்டு இளங்கலைப் பட்டம் பெற்றார். உழைப்பு மிகுந்த இவ்வாண்டுகளில் அவர் படுக்கையில் விழவில்லை. நோய் வந்தது 1917ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில். உழைப்பினால் வந்தது என்று எளிதாகச் சொல்வோர் இந்தக் கால வரிசையைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஐந்து இடங்கள், பல பெயர்கள்

முதலில் கேம்பிரிட்ஜில் தாம்சன் சந்தில் இருந்த நோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பெற்றார். பின்னர்ச் சாமர்செட் வட்டாரத்து மெண்டிப் மலைச் சானடோரியம்; அடுத்து டெர்பிசயரில் மேட்லாக்; பிறகு இலண்டனில் ஃபிட்சுராய் இல்லம்; இறுதியாகப் புட்னியில் காலினெட் இல்லம். இரண்டு ஆண்டுகளுக்குள் ஐந்து இடங்கள்.

மருத்துவர்களின் கருத்துகள் அதனினும் வேகமாக மாறின. தொடக்கத்தில் இரைப்பைப் புண் எனக் கருதினர். அடுத்துக் காசநோய் என்றனர். முன்பு நடந்த அறுவை உண்மையில் ஒரு புற்றுக்கட்டிக்குச் செய்ததோ, அது கல்லீரலுக்குப் பரவியிருக்குமோ என்று ஒருவர் ஐயுற்றார். இரத்தத்தில் நச்சு கலந்ததென்ற கருத்தும் எழுந்தது. இரவில் காய்ச்சல் வரும், போகும், உடல் எடை குறையும், வயிற்றில் வலி தோன்றும். இவை யாவும் எந்த ஒரு பெயருக்குள்ளும் முழுமையாக அடங்கவில்லை.

மெண்டிப் மலைச் சானடோரியத்தின் தலைவர் வேறு யாருமல்லர். முன்பு கப்பலில் உடன் வந்தாரெனக் கூறப்பட்ட சௌரி முத்துவே. காசநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற இவர் 1928இல் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். அது 1937இல் அரசின்கீழ் வந்தது. நாள்தோறும் மின்தொடர்வண்டியில் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தைக் கடந்து கல்லூரிக்கு வரும் நம் மாணவர்கள், அப்பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருப்பவர் ஒருகாலத்தில் இராமானுஜனின் நாடி பார்த்தவர் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

மேட்லாக்கில் கழிந்த நாட்களே மிகக் கொடியவை எனலாம். காசநோய்க்கு அந்நாளில் மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. ஆகவே ஓய்வு, ஊட்டமான உணவு, திறந்த வெளிக்காற்று ஆகிய மூன்றுமே மருத்துவம். பனிக்காலத்திலும் சாளரங்களை அடைக்கமாட்டார்கள். அறையில் நெருப்பு மூட்டமாட்டார்கள். வந்த அன்று கெஞ்சிக் கேட்டதன்பேரில் சில மணி நேரம் கணப்பிட்டனர். அதன்பின் அதுவும் நின்றது. காவிரிக்கரையில் வளர்ந்தவர்க்கு இது மருத்துவமா தண்டனையா என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

அங்கிருந்து ஹார்டிக்கு எழுதிய மடல் ஒன்றில், குளியலறை மட்டும் கதகதப்பாக இருப்பதாகவும், நாள்தோறும் ஒரு மணி நேரம் தாளும் எழுதுகோலுமாக அங்குச் சென்று சில கட்டுரைகளை முடித்து அனுப்பப் போவதாகவும் தெரிவித்தார். அயர்ச்சியோடு வாழக் கற்றுக்கொண்ட ஒருவரின் வழிமுறை இதில் தெளிவாக விளங்குகிறது. நாள் முழுவதும் உழைக்க இயலாது. ஒரு மணி நேரம் இயலும். அறை முழுதும் குளிர். ஓர் இடம் மட்டும் வெம்மை. அந்த ஒரு மணியையும் அந்த ஓர் இடத்தையும் அவர் கண்டுகொண்டார்.

உணவும் பெருஞ்சிக்கலாயிற்று. 1918 சூனில் இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர் மேட்லாக் சென்று இரண்டு மூன்று நாட்கள் உடன் தங்கி, திரும்பியதும் ஹார்டிக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்தார். நோயைவிட நோயாளியின் உணவே அவருக்குப் பெருங்கவலையாக இருந்தது. ஊட்டமாக உண்ணச் சொன்னால் அவர் உண்பதில்லை. உண்ண விரும்புவதோ அங்குக் கிடைப்பதில்லை. அவருடைய பிடிவாதத்தைக் குறை கூறியவர் பலர். நோயின் காரணம் புலப்படாதபோது நோயாளியின் இயல்பையே காரணமாக்குவது எளிது. இது எல்லா நாட்டிலும் காணப்படும் வழக்கம்.

நாமும் இதற்கு விலக்கல்லர். பகலெல்லாம் உழைத்தவர்க்கு மாலையில் வரும் களைப்பு வேறு. உறங்கி எழுந்த பின்னும் கலையாத அயர்ச்சி வேறு. விடியுமுன் எழுந்து வீட்டுவேலை முடித்து, இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வரும் மாணவி மூன்றாம் பாடவேளையில் கண் செருகினால், அதனைச் சோம்பல் என்று குறித்துக்கொள்கிறோம். அவளுக்கு இரத்தச்சோகை இருக்கலாம்; தைராய்டுச் சுரப்பில் குறை இருக்கலாம்; வெளியே சொல்லாத மனத்துயர் இருக்கலாம். எளிய இரத்தப் பரிசோதனையில் இவற்றுட் சில தெரிந்துவிடும். ஓடியாடி வேலை செய்பவருக்கு நோய் இராது என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. உடல் அந்த நம்பிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. ஹார்டி காலத்து மருத்துவர்க்கு இல்லாத கருவிகள் இன்று நம் தெருமுனையில் உள்ளன. குறை கூறுமுன் பரிசோதிக்கச் சொல்லலாம் அன்றோ?

இருண்ட காலமும் சிறிது ஒளியும்

இராமானுஜனின் மனநிலை 1918 தொடக்கத்தில் மிகத் தாழ்ந்திருந்தது. 1917இல் டிரினிட்டி ஆய்வுறுப்பினர் தேர்வில் அவர் பெயர் ஏற்கப்படவில்லை. இல்லத்தில் தாய்க்கும் மனைவிக்கும் பிணக்கு. மனைவி சானகியின் மடல்கள் அவருக்கு வந்து சேரவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் இலண்டன் சுரங்கத் தொடர்வண்டி நிலையமொன்றில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். வண்டி நிறுத்தப்பட்டதால் பிழைத்தார். அந்நாட்டுச் சட்டப்படி அது குற்றம். ஹார்டி காவல்துறையிடம் நேரில் சென்று அவரை மீட்டார். இச்செய்தியை மறைத்து எழுதுவது மரியாதை என்று சிலர் கருதுவர். நீண்ட நோய் மனத்தையும் தாக்கும் என்பதை இளைஞர் அறியாதிருப்பதே தீங்கு எனக் கருதி ஈண்டு எழுதுகிறேன்.

1918 மே 2இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும், அக்டோபரில் டிரினிட்டி ஆய்வுறுப்பினராகவும் தேர்வு பெற்றார். இப்பெருமைகள் அவருக்கு ஊக்கமூட்டின. ஹார்டியோடு இணைந்து எழுதிய பிரிவினைக் கோட்பாட்டுக் கட்டுரையும் 1918இலேயே வெளிவந்தது. 200 என்னும் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு அவர்கள் சூத்திரம் தந்த விடை, மாக்மகோன் என்பார் கையால் கணக்கிட்டுக் கண்ட 39,72,99,90,29,388 என்ற எண்ணோடு ஒத்தது. புட்னியில் வாடகை வண்டி எண் 1729 பற்றிய உரையாடல் நிகழ்ந்ததும் அவர் நோயாளியாய்ப் படுத்திருந்த காலத்தில்தான். அக்கதையைச் சொல்வோர் வியப்பது எண்ணை. படுக்கையை யாரும் சொல்வதில்லை.

ஆண்டின் இறுதியில் காய்ச்சல் தணிந்து எடையும் ஏறியது. காசநோய்தானா என்ற ஐயம் மீண்டும் எழுந்தது. ஊருக்கு அனுப்பினால் தேறிவிடுவார் என ஹார்டி நம்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகள் வழங்க முன்வந்தது. 1919 சனவரியில் அதற்கு நன்றி தெரிவித்து எழுதிய இராமானுஜன், அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுனும் தமக்கு வேண்டிய செலவும் போக, எஞ்சியதை ஏழை மாணவர், அநாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எழுதியவர் இரண்டாண்டாக நோயில் கிடந்தவர் என்பதைக் கருதினால் இதன் பெருமை விளங்கும். உதவித்தொகை பெற்றுப் பயிலும் மாணவர் நிறைந்த கல்லூரிகளில் இம்மடலைச் சட்டமிட்டு மாட்டலாம் என்பது என் கருத்து.

சென்னையில் ஓராண்டு

பிப்ரவரி 27இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, பம்பாய் வழியாக ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை வந்தார். சானகியும் மயிலாப்பூர் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். மணம் 1909இல் நடந்திருந்தாலும் அவர்கள் உண்மையில் உடன் வாழ்ந்தது இந்த ஓராண்டே எனலாம். கோடையில் காவிரிக்கரைக் கொடுமுடி; செப்டம்பரில் கும்பகோணம்; 1920 தொடக்கத்தில் மீண்டும் சென்னை. சேத்துப்பட்டில் நம்பெருமாள் செட்டியார் இல்லங்கள் அவருக்குக் கிடைத்தன. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சந்திரசேகர் கவனித்துவந்தார்; அவர் காசநோய் என்றே கருதினார். காலிலும் வயிற்றிலும் வலி மிகும்போது சானகி வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடமிடுவார். வலி தணிந்ததும் தாள் கேட்பார். 1920 சனவரி 12இல் ஹார்டிக்கு எழுதிய கடைசி மடலில், தாம் புதிதாகக் கண்ட 'போலித் தீட்டாச் சார்புகள்' பற்றி விளக்கினார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை எழுதினார். ஏப்ரல் 26இல் மறைந்தார், வயது முப்பத்திரண்டு.

பிற்கால ஆய்வு

1994இல் டி.ஏ.பி. யங் என்பார் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில், எஞ்சியுள்ள மடல்களையும் குறிப்புகளையும் திரட்டி, இந்நோயை ஆராய்ந்தார். அவர் எட்டிய முடிவு: கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய். அசுத்த நீர்வழிக் குடலுள் புகும் இவ்வுயிரி முதலில் சீதபேதியாக வெளிப்படும். குணமானது போல அடங்கும். பல்லாண்டு கழித்துக் கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வயிற்று வலி, மெலிவு, தீராத அயர்ச்சி ஆகியன அதன் குறிகள். 1906இல் வந்து மறக்கப்பட்ட சீதபேதி ஈண்டுப் பொருள் பெறுகிறது. ஆங்கில மருத்துவர்கள் குளிரிலும் நுரையீரலிலும் தேடிய காரணம், பச்சையப்பன் கல்லூரி நாளிலேயே உடலுள் குடிபுகுந்திருக்கக்கூடும்.

இதில் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. இந்நோய்க்கு அன்றே மருந்திருந்தது. எமெட்டின் ஊசியால் இதனைக் குணப்படுத்தலாம் என்று 1912இல் கல்கத்தாவில் மருத்துவர் இலியோனார்டு ராஜர்ஸ் காட்டியிருந்தார். இராமானுஜன் துறைமுகக் கழகத்தில் முப்பது உரூபாய்க்குக் கணக்கெழுதிய அதே ஆண்டு அது. இன்றோ ஓர் அல்ட்ரா சவுண்டு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் நோயைக் காட்டும். மெட்ரோனிடசோல் மாத்திரை பெரும்பாலும் தீர்த்துவைக்கும். யங் கூறியதும் ஓர் ஊகமே. உடல் ஆய்வு செய்யப்பெறாத நிலையில் முற்றாக மெய்ப்பிக்க இயலாது. எனினும் அறிகுறிகளோடு மிகுதியும் பொருந்துவது இதுவே என்பது என் துணிபு.

அந்த ஆய்வு வெளிவந்த 1994ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் சானகி அம்மையார் சென்னையில் காலமானார். கணவர் மறைந்தபின் சில ஆண்டுகள் பம்பாயில் தமையனார் இல்லத்தில் இருந்து தையற்கலை பயின்று, சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தைத்தும் கற்பித்தும் தம் வாழ்வைத் தாமே நடத்தியவர் அவர். சேத்துப்பட்டில் அவர் எடுத்துக் கொடுத்த தாள்கள் பல்கலைக்கழகம் சென்று, ஹார்டியிடம் போய், பலர் கைமாறி, கேம்பிரிட்ஜ் நூலகத்தில் மறந்து கிடந்தன. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் சியார்ச் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள்; அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். ஓராண்டு நோய்ப்படுக்கையில் எழுதப்பட்ட அவற்றுக்கு ஆண்ட்ரூசும் புரூஸ் பெர்ன்டும் எழுதிய விளக்கவுரை 2005இல் தொடங்கி 2018 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.